அக்கா ஒத்துக்கொண்ட படம்

அறுபத்து மூன்று வருஷ வாழ்க்கையில் என் அக்கா தானாகச் சம்மதித்து உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் இரண்டே இரண்டு. ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்காக அரசாங்கம் எடுத்ததை நான் சேர்க்கவில்லை, அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. இரண்டையும் எடுத்தவன் நான். ஒரே கேமராவில் எடுத்தேன். நடுவில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள் காலையில் எழுந்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. முகவாதம் என்றார்கள். அப்போது நாங்கள் கேரித் தீவில் எஸ்டேட் வீட்டில் இருந்தோம். ஊசி போட்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூட மறுத்த கண் சரியாகிவிட்டது. வாய் முழுசாகத் திரும்பி வரவில்லை. இடது ஓரம் இறங்கியே நின்றது. சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே போகும். எங்களுக்கு அது பழகிவிட்டது. அந்தச் சிரிப்புதான் அக்காவின் சிரிப்பு, அவ்வளவுதான்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது கோலாலம்பூரில் லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக ஒரு கேமரா வாங்கினேன். உடனே படம் தருகிற கேமரா. பட்டனை அழுத்தினால் நாக்கை நீட்டுகிற மாதிரி முன்னால் வெள்ளைச் சட்டம் வெளியே வரும், கொஞ்ச நேரத்தில் அதில் ஆள் தெரிவார். ஊருக்கே நான் ஒரு பெரிய ஆள் என்று நினைப்பு.

அந்த மாதமே காப்பார் ஊரிலிருந்து அக்காவுக்கு ஒரு இடம் வந்தது. ஜாதகத்தோடு படம் கேட்டார்கள். ஸ்டூடியோவுக்கு எதற்குப் போக வேண்டும், நான் இருக்கிறேனே என்று குதித்தேன். அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. கேமராவைப் பார்த்ததும் சிரித்தது. நான் சொன்னேன்: "சிரிக்காதே அக்கா, சிரிச்சா கோணலாத் தெரியுது."

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அக்கா உடனே வாயை மூடிக்கொண்டது.

படத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறைக்குள் போட்டு அனுப்பினோம். பத்து நாளில் அதே உறை திரும்பி வந்தது. கொண்டுவந்த சித்தி நடு வீட்டில் நின்று, "பொண்ணு நல்ல பொண்ணுதானாம், வாய்தான்…" என்று இழுத்தார். அக்கா உறையைப் பிரித்துப் படத்தை எடுத்துப் பார்த்தது. அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. "யாருடா இது? நான் இப்படியாடா இருக்கேன்?" என்று என்னைக் கேட்டது. அக்கா நேராக அடுப்படிக்குப் போய்ப் படத்தை நெருப்பில் போட்டது. அந்த மாதிரிப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. போனால் போனதுதான்.

அதற்குப் பிறகு இடம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. படம் கேட்டார்கள். அக்கா கொடுக்கவில்லை.

பிறகு கிள்ளானுக்குக் குடிவந்து ஒரு தமிழ்ப் பள்ளியில் கேண்டீன் எடுத்து நடத்தியது. முப்பது வருஷம் நாசி லெமாக் தேங்காய்ச் சோறும் வடையும் போட்டது. வருஷா வருஷம் பள்ளியில் குரூப் போட்டோ எடுப்பார்கள். "கேண்டீன் அக்காவையும் கூப்பிடுங்க" என்று ஆசிரியர்கள் ஆள் அனுப்புவார்கள், அக்காவுக்கு அன்றைக்கென்று அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். கல்யாண வீட்டில் ஆல்பத்தைப் புரட்டினால் அக்காவின் முழங்கை இருக்கும், புடவை ஓரம் இருக்கும், முகம் இருக்காது. கைப்பேசி வந்த பிறகு இன்னும் மோசம். யாராவது போனைத் தூக்கினாலே உள்ளங்கையை முகத்துக்கு நேராக நீட்டிவிடும். எல்லோரும் கேலி பண்ணுவார்கள், "அக்கா பெரிய ஸ்டார்லா, எடுக்க விட மாட்டாங்க" என்று. நான் மட்டும் சிரித்ததில்லை. எனக்குத் தெரியுமே, அது யார் செய்த வேலை என்று.

போன வருஷம் அக்காவின் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோதே எல்லாம் முற்றிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக் கணக்கில் நினைக்காதீர்கள், வாரக் கணக்கில் நினையுங்கள் என்றார். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் இருக்கிறேன், வேலையிலிருந்து ஓய்வு வாங்கியாகிவிட்டது. தினமும் கம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னது: "நான் போனதும் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரியும். ஐ.சி. படத்தைத் தூக்கிட்டுக் கடைக்கு ஓடுவீங்க. அவன் கழுத்துக்குக் கீழ யாரோ பொம்பளையோட பட்டுப் புடவைய ஒட்டிக் குடுப்பான். பதினாறாம் நாளு மாலை போட்டு மாட்டிடுவீங்க. நான் காலாகாலத்துக்கும் செவுத்துல முழிச்சிக்கிட்டுத் தொங்கணும்."

"வாயை மூடிக்கிட்டுக் கஞ்சியக் குடிக்கா" என்றேன். எனக்குத் துக்கம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். பிறவிக் குணம்.

"ஒரு படம் எடுத்துக் குடு" என்றது அக்கா.

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. பாக்கெட்டில் இருந்த போனைத் தொட்டேன். "அதுல வேணாம். அதுல எடுத்தா எனக்குத் தெரியாம அது எங்கெங்கயோ போயிடும். குரூப்ல போடுவீங்க, ஆளாளுக்கு அழுற பொம்மை போடுவாங்க. அந்தப் பழைய பெட்டி இருக்குல்ல, அதுல எடு. ஒண்ணே ஒண்ணு. கையில குடு. பிடிச்சா வெச்சுக்கறேன். பிடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுடுவேன். அப்புறம் நீ எதையுமே மாட்டக் கூடாது, வெறும் விளக்கு மட்டும் ஏத்து."

இதுதான் அக்கா வைத்த நிபந்தனை. படம் பிடிக்காமல் போனால் அக்காவின் முகம் எந்த வீட்டுச் சுவரிலும் இருக்காது. நான் முதலில் எடுத்த படம் எரிந்துபோனது, இரண்டாவதும் கிழிந்துபோகும். அவ்வளவுதான் என் லட்சணம் என்று ஆகிவிடும்.

கேமரா என் அலமாரி மேலே பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஆனால் அதற்கு ஃபிலிம் எந்தக் கடையிலும் இல்லை. இன்னும் வெளிநாட்டில் யாரோ தயாரிக்கிறார்கள் என்று இணையத்தில் பார்த்து வரவழைத்தேன். வந்து சேர மூன்று வாரம். எந்தக் கிடங்கில் வெயிலில் வெந்ததோ, எடுத்த எட்டுப் படமும் காமாலை பிடித்த மாதிரி மஞ்சளாக, நடுவில் காய்ந்த கோடுகளோடு வந்தது. கேமராவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் என்று வந்தது. அக்கா அதற்குள் படுக்கையிலிருந்து தானாக எழுந்திருப்பதை நிறுத்திவிட்டது. இன்னொரு மூன்று வாரம் யார் கொடுப்பார்கள்?

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற சின்ன உடனடிக் கேமராவுக்கான ஃபிலிம் எல்லா மாலிலும் தொங்குகிறது. சதுர அளவிலும் இருக்கிறது. கடைக்காரப் பையன், "அங்கிள், அது இதுல போகாது, வேற மாதிரி" என்றான். "உன்னைக் கேட்டேனா?" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பத்தைந்து வருஷம் லிஃப்டுக்குள் தலைகீழாகத் தொங்கி வேலை செய்தவன் நான். ஒரு பெட்டிக்குள் இன்னொரு ஃபிலிமைப் போட முடியாதா?

முடிந்தது, ஆனால் உயிரை வாங்கிவிட்டது. காலியான பழைய ஃபிலிம் உறையைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அந்தக் கேமராவுக்கு பேட்டரியே ஃபிலிம் உறைக்குள்தான் இருக்கும். எட்டுப் படத்தோடு அது செத்துப்போயிருந்தது, அதனால் நாலு சின்ன பேட்டரியைச் சேர்த்து ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். புது ஃபிலிம் பழையதைவிடச் சின்னது. இரண்டு பக்கமும் அட்டைத் துண்டு ஒட்டி, ஆடாமல் உட்கார இடம் பண்ணினேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தாள்தான் போட முடியும். வெளிச்சம் படக் கூடாது. பட்டப்பகலில் ஸ்டோர் ரூமுக்குள் போய், கதவு இடுக்கில் கைலியைச் சுருட்டி அடைத்து, இருட்டில் கையால் தடவித் தடவிப் போட வேண்டும். தாளுக்கு மேல் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடிவிட வேண்டும். கேமராவின் கதவைச் சாத்தியதும் அது முதலில் அந்த அட்டையைத் துப்பும், பிறகு தாள் உள்ளே தயாராக இருக்கும்.

முதல் மூன்று தாள் கரிக்கட்டை மாதிரி வந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய ஃபிலிமில் நாம் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோமோ அந்தப் பக்கத்தில்தான் வெளிச்சம் விழ வேண்டும். புது ஃபிலிமில் பின்பக்கம் வெளிச்சம் விழுந்து முன்பக்கம் படம் தெரியும். தாளைப் புரட்டிப் போட்டேன். வாசல் நடைபாதையில் என் மனைவி வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியை எடுத்தேன். ஆண்டவா, வந்தது! இலை இலையாக, தொட்டியின் விரிசலோடு வந்தது. இன்னும் இரண்டு முறை அதே செடியை எடுத்து, வெளிச்சம் சரியா என்று பார்த்தேன். "செடிக்கு எத்தனை தடவைதான் போட்டோ எடுப்பீங்க, என்னை ஒண்ணு எடுங்களேன்" என்றாள் மனைவி. "தாளை வீணாக்காதே" என்று எரிந்து விழுந்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். அவளை ஒன்று எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கறிவேப்பிலைச் செடிக்கு இடது ஏது, வலது ஏது?

மறுநாள் ஸ்டோர் ரூமில் ஒரு தாளைப் போட்டு, கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். மனைவி முன்னாடியே போய் அக்காவைக் குளிப்பாட்டித் தயார் பண்ணியிருந்தாள். மெரூன் நிறப் புடவை, பெரிய பொட்டு, மூக்குத்தி. அக்கா கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தானே பொட்டைச் சரிபண்ணிக்கொண்டதாம். வீட்டு முன் போர்ச்சில் நாற்காலி போட்டு இரண்டு பேருமாகத் தூக்கி உட்காரவைத்தோம். புடவைக்குள் ஆளே இல்லை. அப்படி இளைத்திருந்தது.

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு கேட்டது: "சிரிக்கலாமாடா?"

அக்கா குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அனுமதி கேட்டது. அறுபத்து மூன்று வயதுப் பெண் என்னிடம் கேட்கிறது. நான் கேமராவை இறக்கினேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்புக்கா. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன். "இத்தனை வருஷம் கழிச்சுத்தான் சொல்றே, போடா கழுதை" என்றது அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தது. நான் பட்டனை அழுத்தினேன்.

தாள் வெளியே வந்ததும் அக்கா கை நீட்டியது. நான் பார்க்கும் முன்னே அக்கா வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டது. படம் தெளியப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். தெருவில் லோரி ஒன்று கேஸ் சிலிண்டர் தோம்புகளை இறக்கிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா படத்தைத் திருப்பியது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது, தள்ளிப் பிடித்தது. கிழிக்கப் போகிறது என்றே நினைத்தேன்.

"இதுதான்டா நான்" என்றது அக்கா.

எனக்கு உயிர் வந்தது. எட்டி வாங்கிப் பார்த்தேன். அக்காதான். ஆனால் அக்கா இல்லை. யாரோ அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. முந்தானை வலது தோளில் கிடந்தது. வலது மூக்கில் இருக்க வேண்டிய மூக்குத்தி இடது மூக்கில். வாய் வலது பக்கம் இறங்கி, இடது பக்கம் மேலே போயிருந்தது. எல்லாம் பக்கம் மாறியிருந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பித்தான் தாளில் விழும். பழைய ஃபிலிமுக்கு அது சரி. பின்பக்கமாக வெளிச்சம் வாங்குகிற இந்தப் புது ஃபிலிமுக்கு எல்லாம் இடம் வலம் மாறி வரும். அந்தக் கண்ணாடியை நானே பஞ்சு வைத்துத் துடைத்தேன். அப்போதும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"அக்கா, இது தப்பா வந்திருக்கு. இடம் வலம் மாறிப்போச்சு. நாளைக்கு வந்து சரியா எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"என்ன தப்பு?" அக்கா படத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. "தினமும் பொட்டு வைக்கும்போது கண்ணாடில பார்க்கிற மூஞ்சி இதுதானே? நீங்கள்லாம் எடுக்கிற படத்துலதான் எவளோ வாயக் கோணிக்கிட்டு நிப்பா. பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கும். இவளை எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு எஸ்டேட் வீட்டில் "யாருடா இது" என்று அக்கா கேட்டது அழுகை இல்லை, உண்மையான கேள்வி. ஒரு பக்கம் இறங்கிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தன்னோடு சமாதானமாகியிருந்த பெண்ணிடம், அந்த முகத்தைப் பக்கம் மாற்றி நீட்டியிருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த முகம் அக்காவுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்த முகத்தை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பன்னிரண்டு நாள் அந்தப் படம் அக்காவின் தலையணைப் பக்கத்தில் இருந்தது. "இதை மாட்டு. வேற எதையாவது மாட்டினே, பேயா வந்து உலுக்குவேன்" என்று இரண்டு முறை சொன்னது. பதின்மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது.

பத்திரிகையில் மரண அறிவிப்புக்குப் படம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. படம் இல்லாத அறிவிப்பைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். சாவு வீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் படத்தை வைத்தேன். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "நம்ம அக்கா மாதிரியே இல்லையேப்பா." "ஒரு மாதிரியா இருக்கே." "ஐ.சி. படமே தேவலாம் போல." ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நாற்பது வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாளுக்கு முன்னால் படத்தைப் பெரிதாக்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் படத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் விரித்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். "அங்கிள், இது திரும்பியிருக்கு. சேலையப் பாருங்க. இருங்க, சரி பண்ணிடறேன்" என்று நான் வாயெடுக்கும் முன்னே மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள்.

திரையில் அக்கா வந்துவிட்டது.

என் அக்கா. எனக்குக் கஞ்சி ஊற்றி, வேட்டி துவைத்துக் கொடுத்து, முதல் நாள் வேலைக்கு டிபன் கட்டிக் கொடுத்த அக்கா. இடது ஓரம் இறங்கி, வலது பக்கம் மட்டும் மேலே போகிற அந்தச் சிரிப்பு. நாற்பது வருஷமாக எந்தப் படத்திலும் இல்லாத சிரிப்பு. உயிரோடு எதிரே உட்கார்ந்து என்னைக் "கழுதை" என்கிற மாதிரி இருந்தது. அக்கா செத்த அன்றைக்கும் சுடுகாட்டிலும் எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடையில், முன்னே பின்னே தெரியாத பெண்ணுக்கு முன்னால், வாய்விட்டு அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இப்ப கரெக்டா இருக்குல்ல அங்கிள்? பிரிண்ட் போட்டுடவா?"

சரி என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? யார் கேட்கப் போகிறார்கள்? சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஆ, இதுதான் நம்ம அக்கா" என்று கும்பிடுவார்கள். நானும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேட்க வேண்டிய ஆள் இல்லை.

"ஒரு நிமிஷம் அப்படியே விடும்மா" என்றேன்.

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசை தீரப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள். பிறகு, முதலில் இருந்த மாதிரியே திருப்பிவிடச் சொன்னேன்.